முயல் குடலில் ஒரு முடிச்சு

காலரான்னா ஸ்கூல் புக்ல படிச்ச ராபர்ட் கோக் ஞாபகம் வருவார். 1884-ல் கல்கத்தாவில் அந்தக் கிருமியைப் பிரிச்சுக் காட்டியவர். அதே கல்கத்தாவில், 75 வருஷம் கழிச்சு, அந்தக் கிருமி ஆளை எப்படிக் கொல்லுதுன்னு காட்டியவர் பேர் உங்களுக்குத் தெரியுமா? சம்புநாத் டே.

1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் டாக்டருக்குப் படிச்சு, லண்டனில் 1949-ல் பிஎச்.டி முடிச்சு, ஊருக்கே திரும்பி வந்தார்.

காலரா வந்தவங்களுக்கு அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி பேதியாகும். சில மணி நேரத்தில் உடம்பு வத்திப்போகும். கிருமி விஷம் கக்குதுன்னு கோக் அப்பவே சந்தேகப்பட்டார். ஆனா யாராலும் நிரூபிக்க முடியல. கிருமியை ரத்தத்தில் ஏத்திப் பார்த்தாங்க, பலன் இல்லை. டே கேட்டது சிம்பிளான கேள்வி: நோய் குடலில்தானே இருக்கு, அப்போ குடலிலேயே பார்த்தா என்ன?

மயக்கம் கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை ரெண்டு பக்கமும் நூலால் கட்டினார். நடுவில் கிருமியை ஊசியால் ஏத்தினார். மறுநாள் அந்தத் துண்டு தண்ணி பலூன் மாதிரி உப்பியிருந்தது! இது 1953-ல் வெளியானது. அடுத்து கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாம ஏத்தினார். அப்பவும் உப்பியது. அப்போ குற்றவாளி கிருமி கக்கின விஷம்தான். 1959-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

கதை அங்கே முடியல. விஷம் வேலை செய்யணும்னா கிருமி முதல்ல குடலில் தங்கணும். பேதியின் வேகத்தில் அடிச்சுட்டுப் போகாம எப்படித் தங்குது? 1987-ல் விடை கிடைச்சது. அதன் மேல முடி மாதிரி இழைகள் இருக்கு. பேர் டிசிபி பைலஸ். கிருமிகள் இதை வெச்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி, குடலில் கூட்டமா தங்குது. இந்த இழைக்கான ஜீனைக் கெடுத்த கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தப்போ, அது குடலில் தங்கவே இல்லை.

1996-ல் வந்ததுதான் செம ட்விஸ்ட். டே கண்டுபிடிச்ச விஷத்தின் ஜீன், காலரா கிருமியோட சொந்த ஜீனே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடிக்கிற கைப்பிடி எது தெரியுமா? அதே டிசிபி இழை! குடலில் தங்க உதவுற இழைதான் விஷத்துக்கும் கதவு திறந்துவிட்டிருக்கு.

இதைப் பார்க்க டே இல்லை. 1985-லேயே இறந்துட்டார். நோபல் வாங்கிய ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பேரை நோபலுக்குப் பரிந்துரை செஞ்சார், கிடைக்கல. 1978-ல் நோபல் அறக்கட்டளை காலரா கருத்தரங்குக்கு அழைச்சது. நம்ம நாட்டிலோ, உயிரோட இருந்தவரைக்கும் ஒரு பெரிய விருதுகூட இல்லை. 1990-ல்தான் 'கரன்ட் சயின்ஸ்' அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது.

லேப்ல அந்த மெஷின் இல்லை, இந்த சாஃப்ட்வேர் இல்லைன்னு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைத் தள்ளிப்போடுறீங்களா? டே கையில் இருந்தது முயல், நூல், ஊசி, வடிகட்டி. கூடவே, எந்த இடத்தில் தேடணும்ங்கிற சரியான கேள்வி.