பூவுக்குள்ளே பார்த்தவர் – டாக்டர் ஜானகி அம்மாள்



முதல்ல ஒரு கேள்வி. நம்ம தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பொதுவான பூ எது? சரியாச் சொன்னவங்களுக்கு ஒரு சபாஷ். செண்பகம்தான்! குற்றாலத்து மலையில் இருக்கும் செண்பகாதேவி அருவிக்குப் பேர் வந்தது அங்குள்ள செண்பக மரங்களால் என்பார்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் தல மரமும் செண்பகமே.

இந்தச் செண்பகத்தின் சொந்தக்காரப் பூ ஒன்று இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் நம் நாட்டுப் பெண் விஞ்ஞானியின் பெயரோடு பூக்கிறது. அவர்தான் ஜானகி அம்மாள்.

மணம் எங்கிருந்து வருது?

பூவின் இதழில் சின்னச் சின்ன மூலக்கூறுகள் உண்டாகி, ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. அவை மூக்கில் பட்டதும் மணம் தெரிகிறது. நமக்காகப் பூ மணப்பது இல்லை. வண்டையும் பூச்சியையும் மகரந்தச் சேர்க்கைக்குக் கூப்பிடத்தான் இந்த ஏற்பாடு.

ஒரே ஒரு பொருளால் மணம் வருவதும் இல்லை. மல்லிகையில் பென்சைல் அசிட்டேட், லினலூல், ஜாஸ்மோன், இன்டோல் எல்லாம் கலந்திருக்கு. இன்டோலைத் தனியா, நிறைய எடுத்தா நாத்தம் குடலைப் பிடுங்கும்! துளி அளவு சேர்ந்தால்தான் பூவாசம். செண்பகத்திலும் இன்டோல் உண்டு. அதோடு ரோஜா மணம் தரும் பினைல் எத்தில் ஆல்கஹால், வயலெட் பூ மணம் தரும் அயனோன் ஆகியவையும் சேர்கின்றன.

இந்தப் பொருள்களை எப்படித் தயாரிக்கணும் என்ற குறிப்பு செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமில் எழுதியிருக்கு. அந்தக் குரோமோசோம்களை எண்ணி எண்ணிப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் ஜானகி அம்மாள்.

பிறப்பும் படிப்பும்

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்பா ஈ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். அவருக்குத் தோட்டத்திலும் பறவைகளிலும் ரொம்ப ஆர்வம். பெரிய குடும்பம். கூடப் பிறந்த பெண்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆனது. இவருக்கும் பேச்சு வந்தது. இவரோ படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். 1931-இல் டாக்டர் பட்டம்! நம்ம நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே மிகக் குறைவாக இருந்த காலம் அது.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் பேராசிரியர். அப்போ நம்ம செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

கரும்பும் கஷ்டமும்

அடுத்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். அங்கே கரும்பை அதன் உறவுப் புற்களோடும், மக்காச்சோளத்தோடும் கூட ஒட்டுச் சேர்த்து ஆராய்ந்தார். 1935-இல் இந்திய அறிவியல் அகாடமியின் உறுப்பினராகத் தேர்வானார். ஆனாலும் தனியாக வாழும் பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் அவருக்குத் தொல்லைகள் இருந்தன.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர் வெடித்தது. லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்து, விடிந்ததும் உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வாராம்! டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெரிய நூலை 1945-இல் வெளியிட்டார்.

செண்பகத்தின் உறவு

அதன்பின் விஸ்லி என்ற இடத்தில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணி. அங்கேதான் மக்னோலியா என்ற அலங்கார மரத்தின் நாற்றுகளுக்குக் கால்சிசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்.

கால்சிசின் என்ன செய்யும்? செல் இரண்டாகப் பிரியும் முன்னால் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிரித்து இழுக்க நூல் மாதிரி ஓர் அமைப்பு செல்லுக்குள் உண்டு. கால்சிசின் அந்த நூலை உருவாக விடாது. அப்போ செல் பிரியாமல், குரோமோசோம் மட்டும் இரண்டு மடங்காகிவிடும். அவர் எடுத்துக்கொண்ட கோபஸ் மக்னோலியாவில் 38 குரோமோசோம். இரட்டித்தால் 76. செல் பெரிசாகும், இலையும் இதழும் தடிக்கும். வாசனைச் செடிகளில் இப்படிச் செய்தால் மண எண்ணெயின் அளவும் சேர்க்கையும்கூட மாறலாம்.

நம்ம செண்பகமும் மக்னோலியா இனம்தான். அதற்கும் அதே 38! அவர் நட்ட மரங்கள் விஸ்லியில் வசந்த காலத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கின்றன. அந்த வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

இன்னொரு ஆச்சரியம். கால்சிசின் எங்கேயோ இருக்கும் பொருள் என்று நினைக்காதீங்க. நம்ம மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கு. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் பயிரிடுவது இதைத்தான். (எச்சரிக்கை: கொடிய விஷம். யாரும் வாயில் வைக்கக் கூடாது!)

தாய்நாட்டுக்கு

1951-இல் பிரதமர் நேரு அழைத்ததால் திரும்பி வந்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு கிடைத்தது. பிறகு ஜம்முவில் புதினா, எலுமிச்சைப்புல் போன்ற மணப் பயிர்களையும் ஆராய்ந்தார். 1970-இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் பல்கலைக்கழகக் கள ஆய்வுக்கூடத்தில் தங்கினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

80 வயதுக்கு மேல் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1984 பிப்ரவரி 7 அன்று ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நான் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன்?

எங்க பெரியம்மா மகள் பிளஸ் டூ முடிக்கப் போறாங்க. அக்காவுக்குத் தாவரவியல் படிக்க ஆசை. வீட்டிலோ மாப்பிள்ளை பார்க்கலாம்னு பேச்சு. செடி கொடியைப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு ஆச்சி கேட்டாங்க. நான் ஜானகி அம்மாள் கதையை முழுசாச் சொன்னேன். ஆச்சி ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் அந்தம்மாவைக் கடைசிக் காலத்துல யாரு பார்த்துக்கிட்டாங்கன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியிலும் அக்கறைதான் இருக்கு. கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லல, ஆச்சி, படிப்பு முதல்ல இருக்கட்டும்னுதான் சொல்றேன் என்றேன். பெரியப்பா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா குற்றாலத்துலயே பெண்கள் கல்லூரி இருக்குங்கிறதை ஆச்சியே அவர்கிட்ட எடுத்துச் சொல்லியிருக்காங்க.

தோழிகளே, உங்க வீட்டிலும் இப்படி ஓர் அக்கா இருக்கலாம். அல்லது அது நீங்களாகவே இருக்கலாம். இந்தக் கதையை வீட்டில் சொல்லுங்க.

செய்து பாருங்கள்: மல்லிகை மொட்டு ஒன்றைச் சாயங்காலம் 4 மணிக்கும், அது விரிந்தபின் இரவு 8 மணிக்கும், மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்க. மணம் எப்போ அதிகம்? ஏன்? விடையை எழுதிச் சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்க. நல்ல விடை அடுத்த இதழில் இடம்பெறும்.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி