பாரடே பேசக் கற்ற விதம்

மின்காந்தத் தூண்டலை 1831-ல் கண்டுபிடித்து, டைனமோவுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் வழி திறந்த மைக்கேல் பாரடேயைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் வாழ்ந்த நாளில் லண்டன் மக்கள் அவரைக் கொண்டாடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடினமான விஷயத்தை, அதில் பயிற்சியே இல்லாதவருக்கும் விளங்கும்படி ஒரு மணி நேரத்தில் எடுத்துச் சொல்ல வல்லவர் அவர். அந்த வன்மையைக் காசு செலவழித்து, நண்பர்களின் திருத்தங்களைக் கேட்டு, பல ஆண்டுகள் பாடுபட்டுத்தான் பெற்றார்.

அலுவலகத்தில் மேலதிகாரிகள் முன் எழுந்து நின்று, அதுவும் தாய்மொழியல்லாத மொழியில், தாம் செய்த வேலையை விளக்க வேண்டி வரும்போது நாக்கு உலர்ந்துபோகும் நம்மவர் எத்தனையோ பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

பாரடே 1791 செப்டம்பர் 22-ல் லண்டனின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளி. அடிக்கடி நோயில் விழுபவர். வீட்டில் வறுமை. எழுத, படிக்க, கணக்குப் போட மட்டுமே பள்ளிக்கூடம். அங்கேயும் ஒரு வினை வந்தது. சிறுவனின் நாவில் ரகரம் வராது. அண்ணன் ராபர்ட்டை வாபர்ட் என்பான். இதை அடித்துத் திருத்த நினைத்த ஆசிரியை, பிரம்பு வாங்கி வரும்படி அந்த அண்ணனிடமே காசைக் கொடுத்தாராம். அவன் காசை எறிந்துவிட்டுத் தாயிடம் ஓட, தாய் இருவரையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1804-ல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். மறு ஆண்டு அங்கேயே புத்தகம் பைண்டு செய்யும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சி தொடங்கியது. பைண்டுக்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார். அண்ணன் கொடுத்த ஷில்லிங்கில் டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த விஞ்ஞான விரிவுரைகளுக்குப் போய் வந்தார். 1812-ல் கடைக்கு வரும் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டால் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறைகள்.

மேடையில் நின்று விரிவுரையாளருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது. பேசுபவரையும் கேட்பவரையும் ஒருசேரப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது? அந்த ஜூன் மாதத்திலேயே நண்பர் அபட்டுக்கு இது பற்றி நீண்ட கடிதங்கள் எழுதினார். அப்போது வயது 21. அரங்கில் காற்றோட்டம் வேண்டும். உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வசதியாக இருக்க வேண்டும். பேச்சு ஒரு மணியைத் தாண்டலாகாது. பேசுபவர் சபையைப் பார்த்து, அவசரமில்லாமல் பேச வேண்டும். கைதட்டலுக்குத் தூண்டில் போடலாகாது. இவையெல்லாம் அக்கடிதங்களில் வருகின்றன. அதுவரை அவர் ஒரு விரிவுரையும் செய்ததில்லை என்பதை நினைத்தால் புன்னகை வரும். ஆனால் அவர் எழுதியதில் தள்ளத் தக்கது அதிகமில்லை.

1816-ல்தான் முதன்முதலாக மேடையேறினார், தம்மைப் போன்ற இளைஞர்கள் கூடும் ஒரு சிறு சங்கத்தில். இரண்டாண்டு கழித்து, நாவன்மை கற்பிக்கும் ஸ்மார்ட் என்பவரின் வகுப்புகளில் சேர்ந்து நூறு பக்கங்களுக்கு மேல் குறிப்பெடுத்தார். தமக்கென்று சில விதிகளையும் வகுத்துக்கொண்டார். சொன்னதையே திரும்பச் சொல்லலாகாது. சொன்ன வாக்கியத்தைத் திருத்தப் பின்னோக்கிப் போகலாகாது. சொல் அகப்படாதபோது ஊம் ஊம் என்று இழுக்காமல் வாயை மூடிக் காத்திருந்தால் சொல் தானே வரும். பிறர் சொல்லும் திருத்தத்தைச் சந்தேகிக்கலாகாது.

கடைசி விதிதான் கடினமானது. அவர் அதை எப்படிக் கடைப்பிடித்தார் என்று பாருங்கள். 1825-லேயே சோதனைச்சாலைக்கு டைரக்டராகிவிட்டார். ஆயினும் 1827-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடர் விரிவுரை செய்தபோது, ஸ்மார்ட்டை அழைத்து உட்கார வைத்துத் தம் பேச்சின் குறைகளைக் குறிக்கச் செய்தார். மக்ராத் என்ற பழைய நண்பரும் முந்தைய விரிவுரைகளுக்குத் தவறாமல் வந்து, உச்சரிப்புப் பிழைகளைப் பட்டியல் எழுதித் தருவார். எல்லாத் திருத்தங்களையும் ஏற்றார் என்பதில்லை; பட்டியலை மட்டும் எப்போதும் நன்றியுடன் வாங்கிக்கொள்வார்.

அவருடைய பெரிய குறை வேகம். ஆகவே மெதுவாக என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று எதிரே இருக்கும். பேச்சு மும்முரத்தில் அதை மறந்துவிட்டால், அட்டையை எடுத்துக் கண்முன் வைக்கும்படி உதவியாளர் ஆண்டர்சனுக்கு உத்தரவு. ஆண்டர்சன் முன்னாள் ராணுவ சார்ஜன்ட்; உத்தரவை மீறாதவர். மணி நெருங்கினால் நேரம் என்ற இன்னோர் அட்டை வரும். தம் கீழ் வேலை செய்பவரே சபையறியத் தம்மைத் திருத்த இடம் கொடுக்கும் அதிகாரி எத்தனை பேர் இருப்பார்கள்?

நன்றாகப் பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் பணமுடையில் தவித்தது. 1832-ல் சிக்கனத்துக்காக அமைத்த ஒரு குழு, பாரடேயின் ஆண்டுச் சம்பளமான 100 பவுனில் மேலும் குறைக்க முடியாது என்று எழுதியது. உறுப்பினர் சேர்ந்தால்தான் சோதனைச்சாலை நடக்கும். வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் ஜனங்களை இழுத்தன. பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகளை 1827 முதல் 19 முறை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதிலிருந்தே ரசாயனம் முழுவதையும் விரித்தது அவற்றில் பேர்போனது. கல் கீழே விழும் என்று சொல்வதானால்கூடக் கல்லைக் கையிலிருந்து விட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. மின்காந்தத்தின் சக்தியைக் காட்ட நிலக்கரி வாளியையே அதன்மேல் வீசுவார். 1850-ல் நாவலாசிரியர் டிக்கன்ஸ் அவருடைய குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தம் பத்திரிகையில் கட்டுரையாக்கி வெளியிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், தாம் சேர்ந்திருந்த சிறு கிறிஸ்தவ சபையில் பாரடே செய்த பிரசங்கங்களில் இந்தக் கவர்ச்சி இல்லை. அங்கே வேதத்துக்கு முன் தம் திறமையைக் காட்டுவது தகாது என்று ஒதுங்கியிருப்பார் போலும்.

1840-ஐ ஒட்டித் தலைசுற்றலும் மறதியும் வந்தன. சில ஆண்டுகள் ஓய்வெடுத்து மீண்டாலும் மறதி போகவில்லை. எழுதிய குறிப்புகளே துணையாயின. 70 வயதில் பிள்ளைகள் விரிவுரையை விட்டார். 1862 ஜூன் 20-ல் சீமென்ஸின் எரிவாயு உலை பற்றிப் பேச வந்தபோது, கையிலிருந்த குறிப்புகள் தவறி நெருப்பில் பட்டு எரிந்துபோயின. பேச்சு தடுமாறியது. முடிவில், தம் நினைவாற்றல் குறைந்துவிட்டதையும் இனி விலகிக்கொள்வதே முறை என்பதையும் தாமே சபைக்குச் சொன்னார். அதுவே அவருடைய கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு. 1867 ஆகஸ்ட் 25-ல், அரசி விக்டோரியா அளித்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.