புரியும் மொழியில் ஓர் ஒப்பந்தம்



எங்கள் பாட்டிக்கு இரண்டு தடவை கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மட்டும் ஒருத்தர்தான்! 1964-ல் தாத்தாவோடு மாலை மாற்றிக்கொண்டது முதல் கல்யாணம். 1968-ல் சட்டம் செய்து வைத்தது இரண்டாவது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மாமனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவர்தான் தந்தை பெரியார்.

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர் ஈ.வெ. ராமசாமி. பள்ளிப் படிப்பு சில வருஷத்தோடு சரி. மீதிப் பாடமெல்லாம் மண்டிக்கடையில்தான். 1898-ல் நாகம்மையாரை அவர் மணந்தது என்னவோ வழக்கமான சடங்குக் கல்யாணம்தான். ஆனால் சகோதரியின் மகள் சின்ன வயதிலேயே விதவையாகி நின்றபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சொந்தபந்தமெல்லாம் எதிர்த்தும் அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். மணமக்களுக்கே புரியாத மொழியில் ஒரு மந்திரம் எதற்கு? தானமாகக் கொடுக்கப் பெண் என்ன பொருளா? இப்படிக் கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929-ல் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி மறுத்து இணைந்தார்கள்.

ஐயர் இல்லை, அக்கினி இல்லை. வேண்டுமென்றே ராகுகாலத்தில் கூட நடத்துவார்கள். மணமக்கள் எழுந்து, நாங்கள் வாழ்க்கைத் துணைவர்கள் என்று தமிழில் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் பெரியார் பேசுவார். இருவரும் சரிசமம், வரவுக்கேற்ற செலவு, கடன் வாங்கி ஆடம்பரம் கூடாது... இவைதான் அங்கே மந்திரம்!

1933 மே 11-ல் நாகம்மையார் மறைந்தார். முப்பத்தைந்து வருஷத் துணை போய்விட்டது. வேறு யாராயிருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவரோ மறுநாளே திருச்சியில், தடை உத்தரவை மீறி ஒரு ஜோடிக்குத் திருமணம் நடத்தி வைத்துக் கைதானார்!

ஆனால் சட்டம் இந்தத் திருமணங்களை ஏற்கவில்லை. சடங்கும் இல்லை, வழக்கமும் இல்லை, எனவே இது செல்லாது என்று 1953-ல் ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோசித்துப் பாருங்கள்! மனைவிக்கு மனைவி என்ற உரிமை கிடையாது. பிறந்த பிள்ளைக்குச் சொத்தில் சிக்கல். 1966-ல் பிறந்த எங்கள் பெரியத்தையும் அப்படி ஒரு பிள்ளைதான். இதெல்லாம் தெரிந்தேதான் ஆயிரக்கணக்கானோர் மாலை மாற்றினார்கள். சும்மாவா?

1949-ல், தம்மைவிட வயதில் மிகவும் இளையவரான மணியம்மையாரைப் பெரியார் பதிவுத் திருமணம் செய்தபோது இயக்கமே இரண்டானது. அப்போது பிரிந்து போன அண்ணாதான் 1967-ல் முதலமைச்சராகி, சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். உற்றார், நண்பர்கள் முன்னிலையில் புரிகிற மொழியில் உறுதி சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பெரியாருக்கு அப்போது வயது 88. தாம் நட்ட மரத்தின் கனியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான், 1973 டிசம்பர் 24-ல் வேலூரில் கண் மூடினார்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து, வேலையில் சேர்ந்து, நாமும் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை நீட்டத்தான் போகிறோம். சத்திரம், சாப்பாடு, வீடியோ என்று கணக்குப் போடுவோம். மணமேடையில் ஒருவருக்கொருவர் என்ன வாக்குக் கொடுக்கப் போகிறோம் என்று என்றைக்காவது யோசித்தோமா?

தாத்தா சொன்ன உறுதிமொழி பாட்டிக்கு இன்றும் மனப்பாடம். புரிந்த மொழியில் சொன்னது அல்லவா, மறக்குமா?