அறிஞர் இலவாய்சியர்

உணவின்றிச் சில நாள் உயிர் வாழலாம். நீரின்றியும் ஓரிரு நாள் இருக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ்தல் அரிது. இத்துணை இன்றியமையாத மூச்சினால் உடலினுள் நிகழ்வது யாது? உட்சென்ற காற்று எவ்வாறு மாறி வெளிவருகின்றது? இவ்வினாக்களுக்குத் துலாக்கோல் கொண்டு விடை கண்டவர், பிரான்சு நாட்டு அறிஞர் அந்துவான் இலவாய்சியர் ஆவார்.

இவர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் சட்டமே பயின்றார். ஆயினும் அவர்தம் உள்ளம் அறிவியலையே நாடிற்று. 1768ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காண வேண்டி, அவ்வாண்டு நம் புதுவைக்கு வந்து சேர்ந்த வானூலறிஞர் இலெ ழாந்தீல் என்பவரும் அக்கழகத்தைச் சார்ந்தவரே.

அதே ஆண்டில் இலவாய்சியர், மன்னனுக்காக வரி தண்டும் குழுவிலும் பங்கு பெற்றார். அதனால் வந்த செல்வத்தைக் கொண்டு நுண்ணிய துலாக்கோல்களையும் பிற கருவிகளையும் செய்வித்தார். 1771ஆம் ஆண்டில் மரீ ஆன் என்னும் நங்கையை மணந்தார். அவருடைய தந்தையார், அவ்வரிக் குழுவினர். புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்நாட்டில் வாணிகம் நடத்திய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுவின் இயக்குநராகவும் விளங்கியவர். மரீ ஆன் ஆங்கிலம் பயின்று அறிவியல் நூல்களைக் கணவருக்கு மொழிபெயர்த்து உதவினார். அவருடைய நூலுக்குரிய படங்களையும் தாமே வரைந்தார்.

இன்று கார்பன் டை ஆக்சைடு என்று வழங்கும் கரியமில வாயுவை, இசுகாத்துலாந்து அறிஞர் யோசப்பு பிளாக்கு முன்னரே கண்டறிந்திருந்தார். அஃது எவற்றால் ஆயது என்பது மட்டும் விளங்கவில்லை. இலவாய்சியர் கரியையும் வைரத்தையும் எரித்து, எரியுமுன்னும் எரிந்த பின்னும் நிறுத்துப் பார்த்தார். கரியும் உயிர்வளியும் கூடியதே கரியமில வாயு என்பது புலனாயிற்று. எரியும் பொருள் அழிந்துபோவதில்லை. வேறு வடிவு கொள்கின்றது. மொத்த நிறை மாறுவதில்லை. இவ்வுண்மையை 1789ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட வேதியியல் நூலில் அவர் தெளிவுற நாட்டினார்.

அவர் மூச்சையும் ஆராய்ந்தார். மூடிய கண்ணாடிக் கலத்தினுள் விடப்பட்ட சிட்டுக்குருவி ஒரு மணி நேரத்திற்குள் மாண்டது. கலத்தில் எஞ்சிய காற்றுச் சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் வெண்மையாக்கிற்று. கரியமில வாயு அங்கே மிகுந்திருந்தமைக்கு அதுவே சான்று. 1783ஆம் ஆண்டளவில் இலாப்பிலாசு என்னும் அறிஞருடன் கூடி, கினிப்பன்றி என்னும் சிறு விலங்கைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை அளந்தார். மூச்சு விடுதலும் ஒருவகை மெல்லிய எரிதலே என்னும் முடிவுக்கு வந்தார்.

மருத்துவமனைகள், நாடக அரங்குகள் ஆகிய நெரிசல் மிக்க இடங்களின் காற்றையும் அவர் சோதித்தார். சிறைச்சாலைகளைப் பார்வையிட்டு, நல்ல காற்றும் தூய நீரும் அங்கு வேண்டும் என்று வற்புறுத்திய குழுவிலும் இடம்பெற்றார். வெளிக்காற்றில் கரியமில வாயு நூற்றில் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவு. நாம் விடும் மூச்சிலோ நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் உள்ளது. அடைத்த இடத்தில் அது பெருகினால் தலைவலியும் மூச்சுத்திணறலும் உண்டாகும், மேலும் மிகுந்தால் உணர்வு போகும், உயிரும் போகும். இவ்வாயு காற்றினும் கனமானது. ஆதலின் பள்ளங்களில் தங்கும். பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் நம் முன்னோர் விளக்கை இறக்கிப் பார்த்ததும், அஃது அணைந்தால் இறங்காது விட்டதும் நச்சுக்காற்றை அஞ்சியே ஆகும்.

இத்தகைய பேரறிஞரின் முடிவு இரங்கத்தக்கது. உப்புக்கும் புகையிலைக்கும் வரி தண்டிய குழுவின்மீது ஏழை மக்கள் கொண்ட சினம் காரணமின்றி எழுந்ததன்று. வரி ஏய்ப்பைத் தடுக்கப் பாரிசைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனையைக் கூறியவரும் இலவாய்சியரே. புரட்சி மூண்டபின், அம்மதிலால் நகரின் காற்றோட்டத்தையே அவர் தடுத்துவிட்டதாக மாரா என்னும் தலைவர் பழி சுமத்தினார். தூய காற்றுக்காக உழைத்தவர்மீதா இப்பழி! 1793ஆம் ஆண்டின் இறுதியில் வரிக் குழுவினர் சிறைப்பட்டனர். 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் மாமனாரும் மருமகனும் ஒருங்கே கொலைக்களத்தில் தலை துணிக்கப்பட்டனர். மறு ஆண்டே அவர் முறையின்றித் தண்டிக்கப்பட்டவர் என்பதை அரசு ஒப்புக்கொண்டது. போன உயிரோ மீளவில்லை.

மாணவர்களே! பொருள் அழிவதில்லை என்று அவர் கண்ட உண்மை இன்று நமக்கு ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது. ஆலைகளும் ஊர்திகளும் உமிழும் கரியமில வாயு மறைந்துபோவதில்லை. அதில் ஒரு பகுதியைச் செடிகொடிகளும் கடலும் ஏற்க, எஞ்சியது வான்வெளியில் தங்கி வெப்பத்தைத் தேக்குகின்றது. அவர் காலத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. புவி வெம்மையுறுகின்றது; பனிமலைகள் உருகுகின்றன; கடல்மட்டம் உயர்கின்றது. கடற்கரையில் வாழும் புதுவை மக்களாகிய நமக்கு இது பிறர் செய்தியன்று. கண்ணாடிக் கலத்துட்பட்ட குருவிக்கு வெளியேற வழியில்லை. நமக்கும் இப்புவியன்றி வேறு புகலிடம் இல்லை. ஆதலின் எரிப்பதை அளந்து எரிப்போம். மரங்களைப் பேணி வளர்ப்போம்.