தோற்ற களத்தை விட்டகலாத காமராஜர்

எங்கள் நெற்குப்பை திருப்பத்தூர் சட்டப்பேரவைத் தொகுதிக்கு உட்பட்டது. கூட்டணிப் பங்கீட்டில் இத்தொகுதி தி.மு.க.வுக்கே செல்வதால், 2006 முதல் 2021 வரையிலான 4 பேரவைத் தேர்தல்களிலும் காங்கிரஸின் கை சின்னம் இங்கு இல்லை. வெல்வது அரிதாகிவிட்ட மாநிலத்தில் ஒரு கட்சி தன் சின்னத்துடன் களத்தில் நிற்கத்தான் வேண்டுமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் காமராஜரின் இறுதி 8 ஆண்டுகளே என் நினைவுக்கு வருகின்றன.

1903-இல் விருதுநகரில் பிறந்து, 1940-இல் மாநிலக் காங்கிரஸ் தலைவராகி, 1954 முதல் 1963 வரை முதல்வராக விளங்கியவர் அவர். அந்த ஆட்சிக்காலம் குறித்துப் பலரும் எழுதிவிட்டனர். தோல்விக்குப் பிந்தைய காமராஜரை நாம் அதிகம் பேசுவதில்லை.

1967-இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் 1,285 வாக்கு வித்தியாசத்தில் அவரே தோற்றார். ஆயினும் ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகள் காங்கிரஸிடமே இருந்தன. 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவ்வாண்டின் இறுதியில் கட்சி இரண்டாகப் பிளந்தது.

1971-இல் இரு காங்கிரஸ்களும் இரு வழிகளில் சென்றன. இந்திரா காந்தியின் காங்கிரஸ், பேரவைத் தேர்தலில் ஓரிடத்திலும் நிற்காமல் தி.மு.க.வுடன் உடன்பாடு கண்டு, தமிழகத்தில் 9 மக்களவை இடங்களைப் பெற்றது. கணக்குப்படி ஆதாயம்தான். காமராஜரோ, நெடுநாளைய அரசியல் எதிரி ராஜாஜியின் சுதந்திராக் கட்சியைத் துணைக்கொண்டு (கூட்டணியே கூடாது என்றவரல்லர் அவர்) 201 பேரவைத் தொகுதிகளில் வேட்பாளர்களை நிறுத்தினார். கிடைத்தவை 15 மட்டுமே. மக்களவைத் தேர்தலில் அவர் கட்சியில் வென்றவர் அவர் ஒருவரே. தோற்கும் களத்தில் தொண்டரின் பொருளையும் உழைப்பையும் ஏன் வீணாக்க வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அத்தோல்வியிலும் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் அவர் கட்சிக்கு வாக்களித்திருந்தனர். வேட்பாளரே இல்லாத கட்சிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

1973-இல் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல் வந்தது. புதிதாகத் தோன்றிய அ.தி.மு.க. வென்றது, காமராஜரின் கட்சி இரண்டாமிடம், மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாமிடம், தில்லியை ஆண்ட இந்திரா காங்கிரஸ் நான்காமிடம். பேரவைக் களத்தை ஒருமுறை முற்றாக விட்டுக்கொடுத்ததற்கான விலையாகவே இதை நான் காண்கிறேன்.

1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் மறைந்தார். அடுத்த ஆண்டே மூப்பனார் உள்ளிட்ட அவருடைய கட்சியினர் பெருமளவில் இந்திரா காங்கிரஸில் இணைந்தனர். அவர் காத்துவைத்திருந்த வாக்குகளில் ஒரு பகுதியும் அவர்களோடு அங்கே சென்றது.