விண்ணைக் காட்டிய ஆடி

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆய்வகத்தில் குழியாடியைக் கையிலெடுக்கும்போது, கடையில் வாங்கிய பொருள்தானே என்று எண்ணிவிடுகிறோம். விண்மீன்களைக் காட்டும் பெரிய ஆடி விலைக்குக் கிடைக்காத காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அதற்காக உழைத்த கரோலின் ஹெர்ஷல் அம்மையாரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

அம்மையார் 1750-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்தார். பத்து வயதில் கண்ட கொடிய காய்ச்சலால் வளர்ச்சி குன்றி, நாலேகால் அடி உயரமே வளர்ந்தார். வீட்டு வேலைக்கு மட்டுமே உரியவர் என்று தாயார் கருதினார். ஆனால் 1772-இல் அண்ணன் வில்லியம் அவரை இங்கிலாந்திலுள்ள பாத் நகருக்கு அழைத்துச் சென்று பாட்டுக் கற்பித்தார்.

இசை ஆசிரியரான அண்ணனுக்கு வானியலில் தீராத ஆசை. பெரிய தொலைநோக்கிக்கு ஆடி வேண்டி லண்டனுக்கு எழுதிக் கேட்டார். அவ்வளவு பெரிய ஆடி அங்கு இல்லை. செய்து தருவதாகச் சொன்னவர் கேட்ட விலையோ கைக்கு எட்டவில்லை. ஆகவே 1773-இல் பாத் நகரத்தார் ஒருவரிடம் பழைய கருவிகளையும் அரைகுறையாய் நின்ற ஆடிகளையும் வாங்கி, தாமே செய்யத் துணிந்தார்.

அந்த ஆடி ரசம் பூசிய கண்ணாடியன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்துத் தேய்த்த உலோகம். மெருகேற்றும்போது இடையில் நிறுத்தினால் பரப்புக் கெட்டுவிடும். ஒருமுறை அண்ணன் 16 மணி நேரம் கையெடுக்கவில்லை. தங்கையே அவருக்கு உணவூட்டினார். அலுப்புத் தீர அராபியக் கதைகளைப் படித்துக் காட்டினார். 1781-இல் மிகப் பெரிய ஆடி ஒன்றின் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தார். அந்த முயற்சி தோற்றது. உருகிய உலோகம் ஒழுகித் தரைக்கற்கள் வெடித்தன.

ஆயினும் தாமே செய்த வேறோர் ஆடியால் அவ்வாண்டு மார்ச் 13-இல் அண்ணன் யுரேனஸ் கோளைக் கண்டார். 1782-இல் அரசர் ஊதியம் அளிக்கவே, இருவரும் பாத் நகரை விட்டனர். அத்துடன் கரோலினின் மேடைப் பாட்டு முடிந்தது. அதை எண்ணும்போது எங்கள் மனம் கனக்கிறது.

பிறகு அவரே வானத்தை ஆராய்ந்தார். 1786 ஆகஸ்ட் 1-இல் ஒரு வால்மீனைக் கண்டார். மொத்தம் எட்டு வால்மீன்கள் அவர் கண்டவை. 1787 முதல் அரசர் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். 1828-இல் லண்டன் வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1848 ஜனவரி 9-இல், 97-ஆம் வயதில் காலமானார்.

கிடைக்காததை எண்ணிச் சோர்ந்திராமல் உழைத்தனர் அவ்விருவரும். தோழியரே, இனி ஆய்வகத்து ஆடியைத் துடைக்கும்போது, சாணம் சலித்த அந்தக் கைகளையும் நாம் நினைத்துக்கொள்வோம்.