கொங்கு நாட்டுக் காவியத்தைக் காத்த தமிழ்த் தாத்தா

ஈரோட்டில் இருந்து கோவைக்கு ரெயிலில் வந்தால், வழியில் விஜயமங்கலம் என்ற ஊர் வரும். பழைய சமணக் கோவில் உள்ள ஊர். பல நூறு வருஷங்களுக்கு முன் கொங்குவேளிர் என்ற புலவர் அங்கே வாழ்ந்தார் என்பார்கள். உதயணன் என்ற அரசனின் கதையை அவர் காவியமாகப் பாடினார். அதன் பெயர் பெருங்கதை.

அந்தக் காவியத்தின் தொடக்கம் இன்று இல்லை. முடிவும் இல்லை. நடுப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. அதுவாவது நமக்குக் கிடைத்தது யாரால்? உ. வே. சாமிநாதையரால்!

ஏழைக் குடும்பம்

சாமிநாதையர் 1855-ம் ஆண்டு பிறந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். வீட்டில் வறுமை. ஆனால் பையனுக்குத் தமிழ் மீது தீராத ஆசை. மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். குரு 1876-ல் மறையும் வரை அவரிடம் படித்தார்.

1880-ல் கும்பகோணம் காலேஜில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது.

முன்சீப்பு கேட்ட கேள்வி

அதே வருஷம் சேலம் ராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்று கேட்டார்.

இவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கூடப் பார்த்தது இல்லை!

அந்த ஒரு கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பி விட்டது. கேட்டவர் கொங்குச் சீமை மனிதர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஓலைக்கு ஆயுள் உண்டு

அந்தக் காலத்தில் நூல்கள் பனை ஓலையில் இருந்தன. ஓலை சில நூறு வருஷம்தான் நிற்கும். பிறகு பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். அதற்குள் யாராவது புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நூல் போச்சு.

திருநெல்வேலிச் சீமையில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதாகச் சிலர் அவரிடம் சொன்னார்கள். ஒரு கோவிலில் நெய்யில் தோய்த்து அக்கினியில் போட்டு விட்டார்களாம். கேட்டு அவர் மனம் துடித்தது.

ஊர் ஊராகப் போனார். மடங்களுக்கும் புலவர் வீடுகளுக்கும் கடிதம் எழுதினார். தபாலிலும் ஏடுகள் வந்தன. ஒருவர் ஒரு பிரதியைப் படிப்பார். மற்றவர்கள் வேறு பிரதிகளைக் கையில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் விட்டுப்போன அடி இன்னொன்றில் இருக்கும். இப்படி ஒட்ட வைத்துத்தான் சிந்தாமணி 1887-ல் அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

இப்போது கம்பெனிகளில் கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரவில் அதைக் கம்பி வழியாக வெளியூர்க் கம்ப்யூட்டருக்குப் பிரதி அனுப்பி வைக்கிறார்கள். இங்கே கெட்டுப்போனால் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐயர் காலத்தில் கம்பிக்குப் பதில் தபால்காரரும் மாட்டு வண்டியும்!

ஒரே ஒரு பிரதி

ஆனால் பெருங்கதைக்கு அந்த வழி இல்லை. எவ்வளவு தேடியும் கிடைத்தது ஒரே ஒரு பிரதி. முன்னும் பின்னும் போனது. உள்ளேயும் பல இடங்களில் சிதைவு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஏடு இல்லை.

கைகொடுத்தவர்கள் பழைய உரையாசிரியர்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் உதயணன் கதையைக் குறிப்பிடுகிறார். அவரும் கொங்கு நாட்டு நிரம்பை ஊர்க்காரர் என்று கொங்கு மண்டல சதகம் சொல்கிறது.

ஐயர் இல்லாத அடியைத் தாமாக எழுதிச் சேர்க்கவில்லை. கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்றே காட்டினார். 1924-ல், 69-வது வயதில், பெருங்கதையை வெளியிட்டார். பாமரரும் படிக்கட்டும் என்று கதையை உரைநடையில் சுருக்கியும் எழுதினார்.

1942 ஏப்ரல் 28-ந் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் சேர்த்த ஏடுகள் சென்னை பெசன்ட் நகரில், அவர் பெயரால் உள்ள நூல் நிலையத்தில் இருக்கின்றன. பெருங்கதையின் முதல் ஏடுகள் மட்டும் இன்னும் அகப்படவில்லை.